கேட்டைத் தாண்டாத தொழிலாளி

பயந்த சுபாவம் உள்ளவர்கள் தாராளமாகக் கதை எழுதலாம். ஆனால் அடுத்து எந்தப் பக்கம் போவது என்று படிப்பவரே முடிவு செய்கிற கதையை மட்டும் எழுதக் கூடாது. நம்மால் அவரைப் போகவிட முடியாது.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள் நான். யாழினி ப்ளே ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஓசூரில் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிப் பாடம் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். முதல் பாடம் தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி ராகிக் கஞ்சியும் டயப்பரும். (இரண்டுமே நல்லவைதான். சம்பளச் சீட்டுதான் தராது.)

அந்தப் பாடம் ஒரு கதை. புதிதாகச் சேரும் தொழிலாளி திரையில் படித்துக்கொண்டே போவார். பிரஸ் மெஷின் அருகே எண்ணெய் கசிகிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்கும். ஒன்றை அழுத்தினால் ஒரு வழி, இரண்டை அழுத்தினால் வேறு வழி. இதை எழுதுவதும் சோதிப்பதும் கறுப்புத் திரையில், கட்டளைகளைத் தட்டித்தான். ஒரு கட்டளை, நான் எழுதியதை விளையாடும் கதையாக மாற்றும். இன்னொரு கட்டளைக்குப் பதில்களை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், தானே விளையாடிப் பார்த்து எங்கே சிக்குகிறது என்று சொல்லும். மௌஸ் தேவையில்லை. வீட்டில் ஒரு கையால் யாழினிக்குப் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டே மறு கையால் சோதிக்கலாம்.

கதை தொழிற்சாலை கேட்டில் தொடங்கியது. முதலில் ஒரே ஒரு கேள்விதான் வைத்தேன்: ஹெல்மெட் போட்டாச்சா? பிறகு யோசனை வந்தது. சாப்பிடாமல் வந்து மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தால்? சேர்த்தேன். விழுந்தவர் வீட்டில் சொல்லாமல் வந்திருந்தால்? அதையும் சேர்த்தேன். ஷூ லேஸ், கைக்குட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. சாப்பாடு முதல் கேள்வி, ஹெல்மெட் கடைசிக் கேள்வி. எதற்கு "இல்லை" என்றாலும், போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்பக் கேட்டுக்கே வர வேண்டும். வந்தால் மறுபடி முதல் கேள்வியிலிருந்து. (நடுவில் எதையாவது மறந்திருந்தால்?)

சோதனைக் கோப்பில் நான் எழுதிய பதில்கள்: ஒன்று, ஒன்று, ஒன்று என்று கடைசி வரை ஒன்று. எல்லாவற்றுக்கும் ஆம். என் கற்பனைத் தொழிலாளி அவ்வளவு ஒழுக்கமானவர். கறுப்புத் திரையும் பிழை இல்லை என்றது. சந்தேகப்பட்டு அதே கோப்பைப் பலமுறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் பிழை இல்லை. வாழ்க்கையில் என்னை இவ்வளவு பாராட்டியவர்கள் யாரும் கிடையாது.

கதையைப் பார்க்க, அதைக் கேட்டிருந்த தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி முனிராஜ் சார் கிருஷ்ணகிரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். எங்கள் முதலாளி மஞ்சுளா மேடம் இழுத்துப் போட்ட நாற்காலியில் திரை முன்னால் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டாச்சா?" என்றது திரை.

"இன்னும் இல்லம்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டு இரண்டை அழுத்தினார். கதை அவரைக் கேன்டீனுக்கு அனுப்பி, மறுபடி கேட்டுக்குக் கொண்டுவந்தது.

"சாப்பிட்டாச்சா?"

"இப்ப என்னா போடறது? வயிறு காலியாத்தான் கீது."

"கதையில சாப்டுட்டீங்க சார். ஒன்னு போடுங்க."

ஒன்றைப் போட்டார். வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா என்று திரை கேட்டது.

"காலைல வீட்ல சண்டம்மா. சொல்லாமத்தான் வந்தன்," என்று மறுபடி இரண்டு. பாதுகாப்பு அதிகாரி பொய் சொல்வாரா?

போன் செய்துவிட்டு வரவும் என்றது கதை. பிறகு கேட். பிறகு, "சாப்பிட்டாச்சா?"

மஞ்சுளா மேடம் என் பக்கம் திரும்பினார். "யாக்கம்மா ஹீகே?" (பதறினால் மேடத்துக்குத் தமிழ் மறந்து கன்னடம் வந்துவிடும். ஏன் இப்படி என்கிறார்.)

அடுத்த சுற்றில் கைக்குட்டை அவரைக் கவிழ்த்தது. அதற்கடுத்ததில் ஹெல்மெட் வரை வந்து, ஆர்வத்தில் விரல் தவறி இரண்டை அழுத்திவிட்டார். கேட். "சாப்பிட்டாச்சா?"

"ஷிப்ட்டே முடிஞ்சிருக்கும்மா," என்றார். "நான் இன்னும் வாசல்லியே நிக்கறன்."

நான் உயிரைக் கொடுத்து எழுதிய எண்ணெய்க் கசிவை அன்று யாருமே பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அழத் தயாரானேன். அப்போதுதான் அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எங்கூட்ல கூட இத்தினி வாட்டி சாப்டியான்னு கேட்டதில்ல மேடம். இங்க பக்கத்துல இட்லிக் கடை எங்க இருக்குது? அப்பிடியே ஒரு போனும் பண்ணிட்டு வரன்."

அவர் போனதும் மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "கவிதா, இனிமே கதைய வேற யாராவது எழுதட்டும். எது எது தப்பாப் போகும்னு உனக்குத் தோணுதோ, அத்தனையும் சோதனைக் கோப்புல எழுது. எல்லாக் கதைக்கும்."

அப்படித்தான் வேலை நிரந்தரமானது. இப்போது என் கோப்புகளில் ஒழுக்கமானவர் ஒருவரும் இல்லை. பசித்தவர்கள், வீட்டில் சண்டை போட்டவர்கள், விரல் தவறுகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

இதை வீட்டில் சொன்னதுதான் தவறு. கிளம்பும்போது நான் வாட்டர் பாட்டில் என்று வாயைத் திறந்தாலே, என் கணவர் சிவா ஷூவைக் கழற்றிவிட்டு, "முதல்லருந்து வரட்டுமா?" என்பார். யாழினியும் பிடித்துக்கொண்டாள். போன வாரம் பஸ்ஸுக்கு நேரமாகி நான் ஓடும்போது, வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, சாப்ட்டியா? ஒன்னா, ரெண்டா?"

சாப்பிட்டிருக்கவில்லை. முனிராஜ் சார் நினைவுக்கு வந்தார்.

"ரெண்டு," என்றேன்.

உள்ளே அனுப்பிவிட்டாள். பஸ் போய்விட்டது.