வரிசையில் நின்ற பொம்மைப் புறாக்கள்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. காடு என்றால் பெரிய காடு இல்லை. மரங்களை எண்ணுவதற்கு ஆட்கள் வந்து, எண்ணி முடித்து, எண்ணிய மரங்களையே வெட்டிக்கொண்டு போன பிறகு மிஞ்சிய காடு. அந்த நரியிடம் ஒரு ஏர்கன் இருந்தது. கரடியைப் பார்த்து ஓடின வேட்டைக்காரன் ஒருவன் போட்டுவிட்டுப் போனது.

துப்பாக்கி இருந்து என்ன பண்ண, புறாக்கள் உயரத்தில் அல்லவா போயின. தினமும் காலையில் மலையிலிருந்து புறப்பட்டு, காட்டோரத்தில் அறுத்துப் போட்ட சோளக்கொல்லைக்கு நேர் மேலாகப் பறந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் களத்துக்குப் போய்விடும். கொல்லையில் ஒன்றுகூட இறங்காது. நரி சுட்ட ரவையெல்லாம் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நரியின் தலையிலேயே விழுந்தது.

பாறைக்கு அடியில் காகம் ஒரு கடை வைத்திருந்தது. அங்கே கிடைக்காதது கிடையாது என்று காகமே சொல்லும். நரி போய் விஷயத்தைச் சொன்னது.

“நீங்க பார்வை வைக்கணும் அண்ணாச்சி,” என்றது காகம்.

வேட்டைக்காரர்கள் பேச்சில் பார்வை என்றால், மற்றப் பறவைகளை இறங்க வைப்பதற்காகத் தரையில் நிறுத்துகிற பறவை. உயிருள்ளதாகவும் இருக்கலாம், பொம்மையாகவும் இருக்கலாம். காகத்திடம் பொம்மைதான் இருந்தது.

முதலில் பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டியது. நரிக்குப் பிடித்துவிட்டது. காகமே அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டது.

“இது வேண்டாம். வெயில் பட்டா தண்ணித் தொட்டி மூடி மாதிரி மின்னும். கல்யாண வீட்டுக்கு வாங்கிட்டுப் போவாங்க.”

“அது என்ன, ரெக்கை அடிக்குது?”

“பேட்டரி. ரிமோட்டும் உண்டு. ஆனா ரெக்கை அடிக்கணும்னா முதல்ல உங்க கைரேகை பதியணும்.”

நரி தன் காலைத் தூக்கிப் பார்த்தது. கல்லும் முள்ளும் மிதித்து ரேகையெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. பேட்டரிப் புறா மறுபடியும் அட்டைப் பெட்டிக்குள் போனது.

கடைசியில் காகம் இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஒன்று தலை நிமிர்ந்து நின்றது. இன்னொன்று தலை குனிந்து எதையோ கொத்துவது போல நின்றது.

“நிமிர்ந்தது கம்பீரமா இருக்கே,” என்றது நரி.

“கம்பீரத்தை வச்சு என்ன செய்வீங்க? தலை நிமிர்ந்து நிக்கிற புறா எதையோ சந்தேகப்படுற புறா. அதைப் பார்த்தா மத்ததும் சந்தேகப்படும். குனிஞ்சதை வாங்குங்க. அதுக்குத்தான் எல்லா ஊர்லயும் கிராக்கி.”

நரி குனிந்ததில் பன்னிரண்டு வாங்கியது.

மறுநாள் கொல்லையில் அவற்றை வட்டமாக நட்டது. காகம் சொன்னபடி எல்லாவற்றையும் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பியது. நடுவில் வந்து இறங்குவதற்கு இடமும் விட்டது. பிறகு சோளத்தட்டைப் போருக்குப் பின்னால் துப்பாக்கியோடு படுத்துக்கொண்டது.

புறாக்கள் மேலே வந்தன. ஒருமுறை வட்டமடித்தன.

“கீழே பன்னெண்டு பேரு குனிஞ்ச தலை நிமிராமத் தின்னுட்டு இருக்காங்க,” என்றது ஒன்று.

“அப்ப நமக்கு என்னத்த மிச்சம் வைக்கப் போறாங்க,” என்றது மற்றது.

போய்விட்டன. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நரிக்கு வெறுத்துவிட்டது. பொம்மைகளைக் காகத்திடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பிடுங்கியது. பன்னிரண்டும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வரப்பின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக நட்டு வைத்தது.

அப்போது மேலே போன ஒரு புறா சட்டென்று திரும்பியது. சிறகை மடக்கி இறங்கியது. பன்னிரண்டாவது பொம்மைக்குப் பின்னால் நின்று கேட்டது.

“என்ன குடுக்கிறாங்க?”

பொம்மை பேசவில்லை.

“சொல்ல மாட்டேங்கிறாரே,” என்றது புறா தனக்குள். “அப்படின்னா நல்லதாத்தான் இருக்கும்.”

அது நகராமல் நின்றது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. இரண்டைப் பார்த்து ஐந்து வந்தன. நரி துப்பாக்கியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் வரப்பில் இருபது புறா நின்றன. கடைசியில் நின்றவற்றுக்குள், இனிமேல் காலில் வளையம் இல்லாவிட்டால் பறக்க விடமாட்டார்கள் என்றும், அந்த வளையம்தான் இங்கே கொடுக்கிறார்கள் என்றும் பேச்சு வந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்டால் முன்னால் நிற்பவரைக் காட்டின. முன்னால் நின்றவர் பின்னால் நிற்பவரைக் காட்டினார்.

நரி சுட்டது. பொம்மைகளுக்கு அடுத்து நின்ற புறா விழுந்தது. மற்றவை பறந்துவிடும் என்று நினைத்து நரி கண்ணை மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால், எல்லாப் புறாவும் ஒரு அடி முன்னால் வந்திருந்தன.

“பரவாயில்லை, நகருது,” என்றது ஒன்று.

நரி விழுந்த புறாவை எடுத்து, தாடைக்குக் கீழே ஒரு கவட்டைக் குச்சியை முட்டுக் கொடுத்து, வரிசைக்கு முன்னால் நிறுத்தியது. காகம் கடையில் வைத்திருந்த எந்தப் பொம்மையும் அந்த அழகுக்கு வராது. பின்னால் நின்றவை எட்டிப் பார்த்தன.

“அவரு எப்படி அதுக்குள்ள அங்க போனாரு?”

“உள்ள ஆள் இருக்கும்.”

அந்த வரிசையில்தான் ஆவுடையப்பன் நின்றிருந்தார். ஆவுடையப்பனுக்கும் அவர் மனைவி பாக்கியத்தாய்க்கும் மலை இடுக்கில் கூடு. கூட்டில் இரண்டு முட்டை. புறாக்களில் அடைகாப்பதற்கு ஷிஃப்ட் உண்டு. சாயங்காலம் முதல் காலை வரை பெண் உட்காரும், வெயில் ஏறினதும் ஆண் வந்து மாற்றிவிட வேண்டும். அன்றைக்கு வெயில் ஏறி உச்சிக்கே வந்துவிட்டது, ஆவுடையப்பன் வரவில்லை. பாக்கியத்தாய் காலையிலிருந்து ஒரு மணி தானியம்கூடத் தின்னவில்லை. பக்கத்து மரக்கிளையில் இருந்த குயிலைக் கூப்பிட்டாள்.

“கொஞ்ச நேரம் உட்கார்றியா? அவரைத் தேடிட்டு வந்துடறேன்.”

“உட்கார்றேன்க்கா,” என்றது குயில். “ஆனா எங்க குடும்பத்துல யாருக்கும் இது பழக்கமில்லை. தப்பா எடுத்துக்காதீங்க.”

பாக்கியத்தாய் கொல்லைக்கு மேலே வந்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. மேலிருந்து பார்த்தால் போருக்குப் பின்னால் நரியின் வால் தெரிந்தது. துப்பாக்கிக் குழல் தெரிந்தது. வரிசையின் முன்னால் நின்றவற்றுக்கு இரண்டு கால் இல்லை, ஒரு குச்சிதான் இருந்தது. பொம்மைகளை விட்டு எண்ணினால் புருஷன் ஐந்தாவதாக நின்றார். அவள் நேராக அவர் பக்கத்தில் இறங்கினாள்.

“என்னங்க, வாங்க போகலாம். முன்னால நிக்கிறது எல்லாம் பொம்மை.”

ஆவுடையப்பன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். “பொம்மையா இருந்தா என்ன. நமக்கு முன்னாடி வந்தவங்க.”

“ஏம்மா,” என்றது பின்னால் நின்ற புறா, “பின்னாடி போய் நில்லு.”

“நான் வாங்க வரலை. சொல்லத்தான் வந்தேன்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்லத்தான் வந்தேன்னு வர்றாங்க. அப்புறம் பார்த்தா நடுவுல நிக்கிறாங்க.”

டப் என்றது. முதலில் நின்ற புறா சாய்ந்தது. எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். ஆவுடையப்பனும் வந்தார்.

“பார்த்தீங்களா,” என்றாள் பாக்கியத்தாய். “அந்த அண்ணன் செத்துப் போயிட்டாரு. நரி சுடுது. அதோ வால்.”

“மெதுவாப் பேசு. இப்பத்தான் நாலாவதா வந்திருக்கேன். நீ போடுற சத்தத்துல என்னை வெளியே தள்ளிடப் போறாங்க.”

“முட்டையைக் குயில்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேங்க.”

“அந்த முட்டைக்காகத்தான் நிக்கிறேன். நாளைக்குக் குஞ்சு பறக்கணும்னா வளையம் வேண்டாமா? ஒரு அப்பனா நானும் யோசிக்க வேண்டாமா?”

டப். ஆவுடையப்பன் மூன்றாவதாக வந்தார்.

பாக்கியத்தாய் வரிசை நெடுக நடந்து ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். நரி என்றாள். துப்பாக்கி என்றாள். ஒரு கிழவி மட்டும், “சுடட்டும்மா, எல்லாரையுமா சுடப் போறாங்க,” என்று பதில் சொன்னாள். மற்றவர்கள் அவள் போனதும் இடைவெளியை நெருக்கிக்கொண்டார்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தாலுகா ஆபீஸ் கூரையில் பத்து வருஷம் குடியிருந்த புறா. அவர் முகம் மட்டும் சுருங்கியிருந்தது. பாக்கியத்தாய்க்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

“உங்களுக்காவது சந்தேகம் வந்துச்சா பெரியப்பா?”

“வந்துச்சும்மா. காலையிலேருந்து எனக்கு ஒண்ணுதான் இடிக்குது.”

“என்ன?”

“படிவமே கேக்க மாட்டேங்கிறாங்களே. படிவம் இல்லாம எப்படிம்மா ஒண்ணைக் குடுப்பாங்க?”

டப். திரும்பிப் பார்த்தாள். ஆவுடையப்பனுக்கு முன்னால் இப்போது ஒருவர்தான்.

பாக்கியத்தாய் பெரியவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பறந்து போய் முதல் பொம்மையின் தலை மேல் உட்கார்ந்தாள். நெஞ்சை நிமிர்த்தி, அதிகாரம் உள்ளவர்கள் பேசுவது போல, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

“படிவம் இல்லாதவங்க நிக்க வேண்டாம். படிவம் ஆத்துக்கு அந்தப் பக்கம் அரச மரத்துல குடுக்கிறாங்க. உச்சி சாஞ்சதும் நிறுத்திடுவாங்க.”

பிறகு வரப்பு முழுக்க முணுமுணுப்பு.

“முதல்லயே சொல்லியிருக்கலாம்ல.”

“நான் அப்பவே சொன்னேன்,” என்றார் தாலுகா ஆபீஸ் பெரியவர். அவர் முகச் சுருக்கம் மறைந்துவிட்டது.

ஒவ்வொரு புறாவும் தன் இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்தது. திரும்பி வரும்போது இடம் வேண்டுமே. கல்லை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் “இது என்னோடது, பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் பறந்தது. அந்தப் பக்கத்துக்காரரும் அதையே இவரிடம் சொல்லிவிட்டுப் பறந்தார். நரி எதைக் குறி பார்ப்பது என்று தெரியாமல் குழலை இப்படியும் அப்படியும் திருப்பியது.

ஆவுடையப்பன் மட்டும் நகரவில்லை. முன்னால் நின்றவரும் போய்விட்டதால் இப்போது அவர் முதல் ஆள்.

“நீ போ பாக்கியம். நான் வாங்கிட்டு வந்துடறேன். இப்ப யாருமே இல்லை, சட்டுனு முடிஞ்சிடும்.”

நரிக்கு இப்போது குறி பார்க்க ஒரே ஒரு புறாதான் இருந்தது. ரவையைப் போட்டுக் குழலை நேராக்கியது. பாக்கியத்தாய்க்கு அது தெரிந்தது. நரி என்று சொல்ல வாயெடுத்தாள். வேண்டாமென்று நிறுத்திக்கொண்டாள்.

“முதல் ஆள்கிட்டத்தான் முதல்ல கேப்பாங்க,” என்றாள். “படிவம் இல்லைன்னா கடைசிக்கு அனுப்பிடுவாங்க. கல்லை வச்சவங்க எல்லாரும் உங்களுக்கு முன்னாடி.”

ஆவுடையப்பனுக்கு அதுதான் உறைத்தது. உடனே கல் தேடினார். பக்கத்தில் கிடந்தது சின்னதாக இருந்தது. முதல் ஆளுக்கு இது போதாது என்று கொஞ்சம் பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அலகால் உருட்டி வைக்கக் குனிந்தார். டப் என்றது. ரவை அவர் தலை இருந்த இடத்தைத் தாண்டிப் போய்ப் பன்னிரண்டாவது பொம்மையின் கழுத்தைப் பெயர்த்தது. ஆவுடையப்பன் பறந்தார். பாக்கியத்தாய் அவர் பின்னால் பறந்தாள்.

அரச மரத்தில் பாக்கியத்தாய் ஆளுக்கொரு இலை கிள்ளிக் கொடுத்தாள். ஆந்தை கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்றாள். ஆந்தை பகலில் தூங்கும். இருட்டினால் புறாவுக்குக் கண் தெரியாது. அதனால் அந்தப் புறாக்கள் இன்று வரை இலையோடு அலைகின்றன. ஒன்றுகூட வரப்புக்குத் திரும்பவில்லை. எல்லாம் கொழுத்து நன்றாகத்தான் இருக்கின்றன, குறைதான் தீரவில்லை. நரி அந்தக் கற்களின் வரிசையைப் பார்த்தபடி போருக்குப் பின்னால் படுத்திருக்கிறது. வைத்த இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், வருவார்கள் என்று அதற்கு நம்பிக்கை.

முட்டைகள் மூன்றாம் நாள் பொரிந்தன. இரண்டு குஞ்சு, இரண்டும் புறாதான். குயில் நேர்மையாக இருந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

குஞ்சுகளுக்குக் கண் திறந்து, காது கேட்க ஆரம்பித்ததும் ஆவுடையப்பன் தன் கதையைச் சொன்னார். தினமும் ஷிஃப்ட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் சொல்லுவார்.

“அன்னைக்கு நான் முதல் ஆளா நின்னேன். கல்லு வைக்கக் குனிஞ்சேன். குனிஞ்சதாலதான் பொழைச்சேன். வரிசையில ஒழுங்கா நிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாது, ஞாபகம் வச்சுக்குங்க.”

“அம்மா என்னப்பா பண்ணினாங்க?” என்றது பெரிய குஞ்சு.

பாக்கியத்தாய் இரை தேடப் போயிருந்தாள். ஆவுடையப்பன் எதற்கும் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“உங்கம்மாவா? நடுவுல வந்து நுழைஞ்சா.”

நீதி: சுடுகிறார்கள் என்று சொன்னால் யாரும் நகர மாட்டார்கள், ஒரு தாள் குறைகிறது என்று சொன்னால் பறப்பார்கள். நன்றிக்கு வேறு கவுண்டர், அது இன்னும் திறக்கவில்லை.