மேசைக்கு அடியில் ஒரு மென்பொருள் ஆய்வு

என் உத்தியோக வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்படும் வேலையை, ஓர் அலுவலகத் தரையில் முழந்தாளிட்டபடி செய்தேன். செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

ஆக்லாந்தில் கட்டடப் பொருட்களை மொத்தமாக விற்கும் நிறுவனம் எங்களுடையது. ஆர்டர், கிடங்கு, பில் எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களுக்கென்றே ஒரு கணினி சிஸ்டத்தை உருவாக்கித் தர யாரைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். மதிப்பெண் முறையை வகுத்தவன் நான். (புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை. சிரிக்காதீர்கள்.) மூன்று நிறுவனங்கள் வந்து செய்துகாட்டின. முதல் நிறுவனத்தின் திரை வெண்ணெயாக வழுக்கியது. "இவர்கள்தான், வேறு பேச்சே வேண்டாம்" என்று என் மேலாளர் ஹெலனிடம் அடித்துச் சொன்னேன்.

"உங்கள் வார்த்தையை நம்பித்தான் மேலிடத்தில் கையெழுத்து வாங்கப் போகிறேன்" என்றார் அவர். ஆக, சிஸ்டம் படுத்தால் நானும் படுப்பேன்.

ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவரை அவர் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும்; 'சைட் விசிட்' என்று அதற்குப் பெயர். கிளென்ஃபீல்ட் பக்கம், உறைந்த உணவு விநியோகிக்கும் அலுவலகம். ஹெலனும் அந்த மென்பொருள் நிறுவனத்தின் விற்பனை மேலாளரும் சேர்ந்து வருவதாக ஏற்பாடு. துறைமுகப் பாலத்து நெரிசலுக்குப் பயந்து நான் முன்னதாகவே கிளம்பினேன். அன்றைக்கென்று பாலம் காலியாகக் கிடந்தது.

வரவேற்பில், "சிஸ்டம் விஷயமாக வந்திருக்கிறேன்" என்றேன். அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, என் பெயரை எழுதிச் சட்டையில் ஒட்டிவிட்டு, நேராக ஆர்டர் பிரிவில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்த அம்மாள் என் சட்டையில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தார். அவர் பெயர் சிவகௌரி.

"தமிழோ? நல்லதாப் போச்சு தம்பி. எத்தினை தரம் ஃபோன் அடிச்சனாங்கள்! இப்பதான் உங்கட கொம்பனிக்கு ஆள் கிடைச்சதோ?"

"இல்லீங்க, நான் வந்து..."

"வந்திட்டியள்தானே, இருங்கோ. ஓடரை மாத்தினா ஏன் பழைய ஓடரே பிரிண்ட் ஆகுது?"

மறுத்திருக்கலாம். ஆனால் கணினி நிபுணர் என்று நினைத்து என்னை யாரும் அதுவரை திட்டியதில்லை. கொஞ்சம் பிடித்திருந்தது.

எல்லாத் திரைகளிலும், மேசை ஓரங்களிலும் மஞ்சள் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. சிஸ்டம் செய்யாததை மனிதர்கள் எப்படிச் செய்வது என்ற குறிப்புகள்.

"ஆரோ பெரிய ஆக்கள் இண்டைக்குப் பாக்க வருகினமாம். இதுகளைக் கழட்டட்டாம். மேசைக்குக் கீழ இருக்கிறதை நீங்கள் எடுங்கோ, எனக்கு முழங்கால் ஏலாது."

"யாருங்க வர்றாங்க?" என்றேன், கீழே இருந்து.

"ஆருக்குத் தெரியும்? எங்களை மாதிரி இன்னொரு கொம்பனி மாட்டப் போகுது. பாவங்கள்!"

அந்தப் பெரிய ஆட்களில் ஒருவன் நானே. என் கண்ணில் இருந்து மறைக்க வேண்டியதை நானே மறைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. "எங்களின் மிக மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்!" என்று விற்பனை மேலாளரின் குரல் கேட்டது. அவசரமாக எழுந்ததில் மேசையில் 'ணங்' என்று தலை இடித்தது.

"அங்கே என்ன செய்கிறீர்கள்?" என்றார் ஹெலன்.

"பேனா விழுந்துவிட்டது" என்றேன். (சிவகௌரியை மாட்டிவிட மனமில்லை.)

"ஐயோ, நீங்களோ அந்தப் பாவம்?" என்றார் சிவகௌரி. தமிழில் சொன்னதால் தப்பித்தோம். தப்பாதது என் முழங்கை. அதில் ஒட்டியிருந்த துண்டை ஹெலன் உரித்து எடுத்து, நிதானமாக வாசித்தார்: "சேவ் அழுத்தும் முன் எல்லோரிடமும் கத்திச் சொல்லவும்."

விற்பனை மேலாளருக்கு இருமல் வந்தது.

திரும்பும் வழியில் என் சிபாரிசை நானே வாபஸ் வாங்கினேன். பிறகு மற்ற இரு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களிடமும் போனோம், விற்பனையாளர்கள் இல்லாமல். ஆர்டர் அடிப்பவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நாங்கள் தேர்ந்தெடுத்த சிஸ்டம் பார்க்க அழகில்லை. மாற்றிய ஆர்டர் மாறியே அச்சாகிறது. எங்கள் அலுவலகத்தில் இன்று எந்தப் பெரிய ஒப்பந்தத்துக்கும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் கட்டம் கட்டாயம். அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு வெட்கமே இல்லை.

வீட்டில்தான் மரியாதை குறைவு. போன மாதம் மகள் தான் திருமணம் செய்ய விரும்பும் பையனைப் பற்றிச் சொன்னாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் நண்பர்களோடு தங்கியிருக்கிறானாம். உடனே என் மனைவி அவளிடம், "முதல்ல அவனோட மேசையைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லுடி. உங்கப்பா கீழ பூந்துடுவார்" என்றாள்.

"டாட், ப்ளீஸ், நோ சைட் விசிட்" என்றாள் மகள்.

நான் போகவில்லை. அவனோடு தங்கியிருக்கும் பையன்களைத்தான் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.