இந்த வருஷம் சேவலே இல்லை

மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கும் கையேட்டின்படி, வேட்டைக்காரர் என்பவர் உரிய உரிமம் பெற்று, உரிய பருவத்தில், துப்பாக்கியின் துணையோடு பறவைகளைத் தேடிச் சென்று கைப்பற்றுபவர். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இந்த விளக்கத்துக்குப் பொருந்துகிறவர்கள் இல்லாமலும் இல்லை. பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள், சுடுகிறார்கள், போய்விடுகிறார்கள். உள்ளூரில் விளைவது வேறு இனம்.

அந்த இனத்துக்குப் பருவக் கவலையர் என்று பெயர் வைப்போம். அக்டோபர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை ஃபெசன்ட் வேட்டை தொடங்குகிறது. சிவந்த முகமும் கழுத்தில் வெள்ளை வளையமும் ஒரு முழ வாலுமாகச் சோளக்காட்டிலிருந்து அலறிக்கொண்டு கிளம்பும் அந்தக் காட்டுச் சேவலைத்தான் சுடலாம், பெட்டையைத் தொடக்கூடாது. இதெல்லாம் சட்டம். பருவக் கவலையர் சட்டத்தை மதிப்பவர். ஆனால் அவருடைய உண்மையான பருவம் வேட்டை முடிந்த மறுநாள் தொடங்கி அடுத்த வேட்டை வரைக்கும் நீள்கிறது. நடுவே வரும் வேட்டை, கவலைக்கு ஏற்படும் ஒரு சிறு இடையூறு.

டெல்மர் ஓஸ்ட்பியை எடுத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவர், நல்ல மனிதர், லூத்தரன் சபையில் பின்வரிசை. ஜனவரியில் பனி கொட்டினால், பறவைகள் கோரைப் புதருக்குள் மூடப்பட்டு விறைத்துச் செத்தன என்பார். கொட்டாவிட்டால்? மண்ணில் ஈரமில்லை, ஈரமில்லாமல் புல்லில்லை, புல்லில்லாமல் பெட்டை எங்கே கூடு கட்டும் என்பார். ஜூனில் மழை பெய்தால் குஞ்சுகள் நனைந்து நடுங்கும். வெயில் காய்ந்தால் பூச்சி பிறக்காது, பூச்சி இல்லாமல் குஞ்சு எதைத் தின்னும். ஆலங்கட்டி விழுந்தால் முட்டை போச்சு. சாலையோரப் புல்லைச் சீக்கிரம் அறுத்தால் கூடு போச்சு. இது எதுவுமே நடக்காமல் மழையும் வெயிலும் அளவாக வந்து காடெல்லாம் பச்சையாக நின்றால் அப்போதுதான் அவர் முகம் உண்மையிலேயே வாடும். ஏனென்றால் அது நரிகளுக்கும் நல்ல வருடம்.

அவர் மனைவி ஜோலின் ஒருமுறை கேட்டார்: "பறவைங்களே கவலப்படல. நீ எதுக்குப் படற?"

"அதுங்களுக்கு விஷயம் தெரியாது" என்றார் டெல்மர்.

ஆகஸ்டில் விடியற்காலைகளில் இந்த இனம் சரளைச் சாலைகளுக்கு இடம்பெயர்கிறது. புல்லில் பனித்துளி கனத்திருக்கும் நாட்களில் பெட்டைகள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறகு காய வைக்கச் சாலைக்கு வரும் அல்லவா, அதைக் கணக்குப் பார்க்கத்தான். டெல்மரும் காபி பிளாஸ்க்கோடு பிக்கப் வண்டியில் ஆமை வேகத்தில் ஊர்வார். பக்கத்து இருக்கையில் மிட்ஸி. மூக்கு நரைத்த வேட்டை நாய், இடுப்பில் வாதம். அடுத்த குளிரைத் தாண்டி இது ஓடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அதாவது வருகிற பருவம்தான் அதற்குக் கடைசி. இதை மட்டும் டெல்மர் யாரிடமும் புலம்பவில்லை. ஊரறியக் கவலைப்படுகிற மனிதர் ஊமையாகப் பட்ட கவலை அது ஒன்றுதான்.

இந்த ஆகஸ்டில் அவர் கண்டது என்ன? ஒரு திருப்பத்தில் ஒரு பெட்டையும் குஞ்சுகளும். அடுத்த திருப்பத்தில் இன்னொரு குடும்பம். அதைத் தாண்டி சாலையையே அடைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி. வண்டியை நிறுத்தி, ரேடியோவை அணைத்து, டெல்மர் சிரித்தார். தனியாக, பல் தெரியச் சிரித்தார். தூரத்தில் இன்னொரு வண்டியின் புழுதி தெரிந்ததும் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு, எதிரே வந்தவருக்குத் துக்க வீட்டில் தலையசைப்பதுபோல ஒரு விரலைத் தூக்கினார்.

அன்றைக்கு உணவகத்தில் நண்பர் கர்ட் எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்றார் டெல்மர். பக்கத்துச் சாலையில் அதே அளவு பறவைகளை அதே காலையில் பார்த்துவிட்டு வந்திருந்த கர்ட், தானும் அப்படித்தான் கேள்விப்பட்டதாகச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். இருவரும் காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவர் முகத்திலும் அடக்கமுடியாத திருப்தி.

இது பொய் அல்ல. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். இது ஒரு பாஷை. "ரொம்ப மோசம்" என்றால் அமோகம் என்று அர்த்தம். "பரவாயில்ல" என்றால் நிஜமாகவே மோசம். "நல்லா இருக்கு" என்று ஒருவன் சொன்னால் அவன் துப்பாக்கியை உங்களிடம் விற்கப் பார்க்கிறான். பறவை இருக்கிறது என்று வாயைத் திறந்தால் அது காற்றில் ஏறிப் பக்கத்து மாநிலத்து மினியாபோலிஸ் நகரம் வரை போய், அங்கிருந்து புதுச் சட்டைக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பிறந்த பாஷை. உணவகத்தில் காபி குடிக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

அடுத்த மேசைக்குத் தெரியாது.

அடுத்த மேசையில் புதன்கிழமை தோறும் சபைப் பெண்கள் 'பை' என்கிற பழப் பணியாரம் சாப்பிட வருவார்கள். அவர்களில் ஒருவர் எல்வைரா கூபிக். கணவர் போன பிறகும் பண்ணையிலேயே தனியாக இருப்பவர். முன்பு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு என்றால் இரண்டுதான் அவருக்கு. ஊருக்கு வடக்கே, சோளக்காட்டுக்கும் மரவரிசைக்கும் நடுவே கோரை மண்டிய ஒரு சதுப்பு அவருடையது. சாலையோரமாக, சமதரையாக, கிழட்டு நாய் நடப்பதற்கென்றே ஆண்டவன் போட்டுவைத்தது போன்ற சதுப்பு. டெல்மர் இருபது வருடமாக வேட்டையாடுவது அங்கேதான். வசந்தம் முழுக்க, கோடை முழுக்க, எல்வைரா செர்ரிப் பழப் 'பை'யை முள்கரண்டியால் வெட்டிக்கொண்டே டெல்மரின் புலம்பலை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் கடைசியில் அனுமதி கேட்கப் போவது வழக்கம். கேட்பது என்றால் கேட்பது இல்லை. கையில் தோட்டத்துப் பூசணியோடு போக வேண்டும். கிறீச்சிடும் எதற்காவது எண்ணெய் போட வேண்டும். மழை, சோளத்தின் ஈரம், யாருடைய இடுப்பு அறுவைச் சிகிச்சை, யாருடைய அடக்கத்தில் என்ன சாப்பாடு எல்லாம் பேசி, எழுந்து, தொப்பியை மாட்டி, கதவுப்பிடியில் கை வைத்த பிறகு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, அக்டோபரில் ஒரு எட்டு வந்துபோகலாமா என்று கதவிடம் கேட்க வேண்டும். எப்பவும்போலத்தான் என்று பதில் வரும். இருபது வருடமாக வந்தது.

இந்த முறை எல்வைரா, "நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "இந்த வருஷம் யாரும் சுட வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், டெல்மர். நீ சொன்னதக் கேட்டு எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மிச்சம் இருக்கறதாவது பொழச்சுப் போகட்டும். மினியாபோலிஸ் பசங்க சுட வரலாமான்னு போன் பண்ணினாங்க, அவங்களுக்கும் இல்லன்னுட்டேன்."

அவருக்குப் பின்னால் சன்னல். சன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, கொழுத்த சேவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், நடந்து போய்க்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? டெல்மர், "நல்ல முடிவுங்க" என்றார்.

அதோடு விட்டதா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் காபி நேரத்தில் எல்வைராவின் தோழிகள் டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வேட்டைக்காரனுக்குள் இப்படியொரு மனசா என்று உருகினார்கள். போதகர், ஆண்டவரின் சிறு உயிர்களுக்காக இரங்குவோரைப் பற்றி ஜெபத்தில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரி முடியும்வரை கர்ட்டுக்கு இருமல் நிற்கவில்லை. திங்கட்கிழமை உணவகத்தில் அவரே பேச்சை எடுத்தார்.

"உனக்குச் சிலை வைக்கறதப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம், டெல்மர். என் நிலத்துல மட்டும் வேணாம். அங்க இருக்கற சேவலெல்லாம் எச்சம் போட்டே சிலைய மூடிரும்."

வேறு இடம் இல்லையா என்று கேட்பீர்கள். அரசாங்க நிலம் இருக்கிறது, அங்கே முதல் நாள் சந்தைக்கூட்டம். மிட்ஸியை அந்தக் கால்களுக்கு நடுவே விட முடியாது. மற்றவர் நிலமெல்லாம் அண்ணன் தம்பி மச்சான் என்று எப்போதோ பேசி முடித்தாகிவிட்டது. சதுப்பு வேண்டுமென்றால் ஒரே வழிதான். அதை ஜோலின் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"போய் நிறைய இருக்குன்னு சொல்லிட்டு வாயேன்."

"எல்வைராகிட்ட சொன்னா புதன்கிழம ஊருக்கே தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா?"

டெல்மர் யோசித்தார். "என்ன ஆகும்னு தெரியாது. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை, மிட்ஸியை வண்டியில் உட்கார வைத்துவிட்டு, வெறுங்கையோடு எல்வைராவின் சமையலறையில் போய் அமர்ந்தார். காபி வந்தது. சோளத்தின் ஈரம் பேசினார்கள். பிறகு டெல்மர், பயந்த அளவுக்கு மோசமில்லை என்று சிலர் பேசிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். ஊர்ப் பேச்சை நம்பாதே என்றார் எல்வைரா. கொஞ்ச நேரம் கழித்து, தன் கண்ணிலேயே ஒன்றிரண்டு பட்டது என்றார் டெல்மர். ஒன்றிரண்டைத்தானா சுடப்போகிறாய் என்று எல்வைரா வருத்தத்தோடு கேட்டார். இதற்கு மேல் இறங்கிவர டெல்மரிடம் பாஷை இல்லை. எழுந்தார். தொப்பியை மாட்டினார். கதவுப்பிடியில் கை வைத்தார்.

"நிறைய இருக்கு, எல்வைரா."

கதவிடம்தான் சொன்னார். பிறகு திரும்பி அவரிடமும் சொன்னார்.

"இருபது வருஷத்துல இவ்வளவு நான் பார்த்ததே இல்ல. நான் பேசினது பூராவும் பொய். மிட்ஸிக்கு இதுதான் கடைசி வருஷம்."

எல்வைரா அவரை நெடுநேரம் பார்த்தார், தப்புக் கணக்கைப் பார்ப்பதுபோல. எங்கே பிசகியது என்று தேடினார். கிடைத்துவிட்டது போலிருக்கிறது, முகம் தெளிந்தது.

"நிறையன்னா எல்லாருக்கும் போதுமில்ல?" என்றார்.

"போதும்" என்றார் டெல்மர். வேறென்ன சொல்ல முடியும்?

எல்வைரா சுவரிலிருந்த போனை எடுத்தார். மினியாபோலிஸ் பையன்களை வரச் சொன்னார், கூட யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிவரச் சொன்னார். இடம் தெரியாதே என்று அவர்கள் கவலைப்பட்டார்கள்போல. "அதுக்கென்ன, டெல்மர் இருக்கான். அவன் கூட்டிட்டுப் போய்க் காட்டுவான். பறவைங்க மேல அவ்வளவு அக்கறை உள்ளவன்" என்றார்.

அசல் பருவக் கவலையர் இந்நிலையில் என்ன செய்வார் என்பது ஊருக்கே தெரியும். விருந்தாளிகளை மேற்கே, அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடக்கும் காட்டில் மத்தியானம் வரை நடக்க விட்டு, பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை என்று உதட்டைப் பிதுக்கி, அவர்கள் வண்டி கண்ணை விட்டு மறைந்ததும் நாயோடு சதுப்புக்குத் திரும்புவார். ஏமாற்று என்று முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் போன மாதம் ஒருவர் உங்களிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டபோது, ஏதோ ஓடுது என்றது யார்? பையன் பரீட்சையைப் பிய்த்து உதறிவிட்டு வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரரிடம், எங்க, சுமாராத்தான் எழுதியிருக்கான் என்று உச்சுக்கொட்டியது யார்? எதற்கும் ஒருமுறை கண்ணாடியில் உதட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிதுக்கிப் பிதுக்கி அது அப்படியே நின்றுபோயிருக்கலாம்.

சனிக்கிழமை காலை டெல்மர், நாய்க்கு வாடை கிடைக்கும்படி காற்று முகத்தில் அடிக்கும் பக்கமாக மினியாபோலிஸ் பையன்களைச் சதுப்புக்கு அழைத்துப் போய், பறவைகள் அதிகம் பதுங்கும் கோரையை விரலால் சுட்டிக் காட்டிவிட்டு, மிட்ஸியை முன்னால் விட்டார்.