அடுப்படியில் பொரித்த குளவிகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணா அவர்களுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. அங்கே தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உங்கள் தம்பி மனைவிக்கு ஒரு குறையும் இல்லை. மாடுகளும் சௌக்கியம். எனக்குத்தான் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். ஊருக்குப் புதிதாக ஒரு வேளாண் விரிவாக்க அலுவலர் வந்திருக்கிறார். உங்கள் மூத்த பெண் வயதுதான் இருக்கும். எதைக் கேட்டாலும் முதலில் "பொறுங்க" என்று சொல்வதால் ஊரில் அவருக்குப் பொறுங்கம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தால் எடுத்த எடுப்பில் மருந்தடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று செய்துகாட்ட ஒரு வயல் வேண்டும், யார் தருகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் புழு மனிதரைக் கடிக்குமா என்று கேட்கத்தான் அண்ணா நான் கையைத் தூக்கினேன். கைதட்டி முடித்துவிட்டார்கள். மறுநாள் நம் கீழ்வயலில் "செயல்விளக்கத் திடல்" என்று பலகை நின்றது.

பலகையைப் படித்துவிட்டு வந்ததுபோல் புழுவும் வந்தது. தினமும் காலையில் வயலில் கோணல்மாணலாக நடந்து, ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாகக் குருத்தைப் பிரித்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை கடிபட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். முதல் நாள் ஆறு. நான்காம் நாள் பதினான்கு. உடனே போன் செய்தேன்.

"பொறுங்க ஐயா. புழு சின்னதா, பெருசா?"

"நேத்து சின்னதா இருந்துச்சும்மா. இன்னைக்கு என்னைவிடத் தெம்பா இருக்கு."

பூச்சிமருந்துக் கடைக்காரர் வேறு தினமும் வரப்போரம் வண்டியை நிறுத்தி, "என்ன, வளர்ப்புப் பிராணிங்க எல்லாம் நல்லா இருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.

பொறுங்கம்மா ஸ்கூட்டரில் வந்து ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே சின்னச் சின்ன அட்டைகள், மேலே மணல் ஒட்டியதுபோல் ஏதோ பொடி. "இதுல குளவி இருக்குங்கய்யா. கண்ணுக்கே சரியாத் தெரியாது, யாரையும் கடிக்காது. புழுவோட முட்டைக்குள்ள இது தன் முட்டையை வச்சிரும், புழு வெளியவே வராது. நாளைக்குப் பொரிச்சிரும், இன்னைக்குச் சாயங்காலமே இலைக்கு அடியில கட்டிருங்க" என்றார். பூச்சி தின்கிறது என்று அழுதால் பூச்சியையே கொண்டுவந்து கையில் கொடுத்தால் எப்படியண்ணா? சாயங்காலம் தூறல் போட்டது. பச்சைக் குழந்தைகள் மாதிரி, நனைந்தால் தாங்குமோ என்னவோ என்று அடுப்புக்கு மேலே அலமாரியில் வைத்தேன். வெதுவெதுப்புக்கு எல்லாம் வீட்டிலேயே பொரித்துவிட்டன. பால் பாத்திரம், சுவர், உங்கள் கல்யாணப் படம் எங்கும் பொடிப்பொடியாக ஊர்கிறது. போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ஐயா, உங்க சமையல்கட்டுல இனிமே படைப்புழு வராது. அது மட்டும் நிச்சயம்" என்றார். அன்று சாயங்காலமே மழையில் நனைந்துகொண்டு வேறு அட்டைகள் கொண்டுவந்தார். அவரும் உங்கள் தம்பி மனைவியும்தான் கட்டினார்கள். என்னைத் தொட விடவில்லை.

அதற்கப்புறமும் பதினெட்டு அண்ணா! என்னால் பொறுக்க முடியவில்லை. மருந்து தெளிப்பானை எடுத்தால் முனையில் மாட்டும் நாசிலைக் காணோம். உங்கள் தம்பி மனைவியிடம் கேட்டேன்.

"நாசிலைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்க?"

"பொறுங்கம்மா நடத்துன பயிற்சியில நூத்துக்கு இருபதைத் தாண்டினா அடிக்கலாம்னு சொன்னாங்க. தாண்டட்டும், தர்றேன்." மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொல்கிறாள். நானும் அந்தப் பயிற்சிக்குப் போனேன். இவள் போனது எனக்குத் தெரியாது.

அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. போன வருஷம் நான் நான்கு முறை மருந்தடித்து, நான்காம் முறை வரப்பிலேயே மயங்கி விழுந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கவலைப்படுவீர்கள் என்று உங்களுக்கு எழுதவில்லை. அப்படி அடித்தும் பாதிப் பயிர் போனது. இந்த வருஷமும் போனால் வீட்டைப் பூட்டிவிட்டு உங்கள் ஊருக்கு வந்து ஏதாவது வாசலில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான்.

இன்று காலை புழுவின் முட்டைகளெல்லாம் கன்னங்கரேல் என்று கறுத்துக் கிடக்கின்றன. குளவியிடமிருந்து ஏதோ நோய் தொற்றிவிட்டது என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை நாற்பது விவசாயிகள் இதைப் பார்க்க வருகிறார்கள், நான் வேறு பேச வேண்டுமாம். ஆகவே அண்ணா, "நிலம் இன்னும் பாகம் பிரிக்காதது, மூத்தவனான எனக்குச் சம்மதமில்லை" என்று நீங்களே அந்தம்மாவுக்குப் போன் போட்டுக் கறாராகச் சொல்லிவிடுங்கள். எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ரொம்பக் கறாராக வேண்டாம். பதினைந்து ஊருக்கு அந்த ஒரு பெண்தான். டிபன் பாக்ஸை நம் வரப்பில் வைத்துத்தான் சாப்பிடுகிறாள். சாப்பிட்டுவிட்டாளா என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, வயல் இல்லாத வேலைக்குப் போகட்டும்.

நிம்மதியிழந்த
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பொறுங்கம்மாவே வந்துவிட்டார். கறுத்த முட்டைகளைப் பார்த்து வரப்பிலேயே குதித்தார். "ஐயா, கறுத்திருந்தா உள்ள இருக்கிறது புழு இல்ல, நம்ம குளவி!" என்றார். இரண்டு பேருமாக மறுபடி எண்ணினோம். புதுக் குருத்தில் நூற்றுக்கு மூன்று. ஆகவே போன் வேண்டாம். அடுத்த பருவத்துக்கு உங்கள் பங்குக்கு வரப்போகிற மேல்வயலையும் திடலுக்குக் கொடுத்துவிட்டேன். சம்மதப் படிவத்தில் உங்கள் கையெழுத்தையும் நானே போட்டேன். முதல் தடவை சரியாக வரவில்லை, இரண்டாம் தடவை உங்களுடையதைவிட நன்றாகவே வந்திருக்கிறது.