ஆறாத கோடு

இன்று காலையும் காயம் ஆறவில்லை.

காயம் அவளுடையதல்ல. தட்டில் வளரும் தோல் செல்களுடையது. பாய் விரித்ததுபோல் பரவியிருக்கும் செல்களுக்கு நடுவே பிளாஸ்டிக் முனையால் ஒரு கோடு கீறியிருந்தாள். இருபுறத்துச் செல்களும் ஊர்ந்து வந்து அதை மூட வேண்டும். ஒரு தட்டில் அவளுடைய மருந்து, இன்னொன்றில் வெறும் திரவம். மருந்துத் தட்டு முந்தினால் அவளுக்கு முனைவர் பட்டம்.

கீறிய அன்றே செல் அறைப் பொறுப்பாளர் அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

"கோடு பத்திரம்க்கா. கோடு இல்லேன்னா என் ஆராய்ச்சியே இல்ல."

"உன் கோடு என் பொறுப்பு. காலையில வந்ததும் முதல் வேலையா மைக்ராஸ்கோப்புல பார்த்துடறேன், போதுமா?"

வெறும் திரவத் தட்டில் கோடு நாளுக்கு நாள் மெலிந்தது. மருந்துத் தட்டில் கல்லில் வெட்டியதுபோல் அப்படியே கிடந்தது.

மருந்தை இரட்டிப்பாக்கினாள். மறுநாள் கோடு இன்னும் அகலமாக இருந்தது.

பதற்றத்தில் குப்பி மூடி அவள் கட்டைவிரலைக் கிழித்தது. அது மருந்தே இல்லாமல் தானாகக் காய்ந்துவிட்டது. விரலுக்கு இருந்த அறிவு தட்டுக்கு இல்லை.

"அக்கா, அந்தத் தட்டை மட்டும் கொஞ்சம் கூடுதலா கவனிச்சுக்கோங்க."

"சொல்லணுமா? உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

அடுத்த நாள் ஒன்றுக்கு இரண்டு கோடுகள் இருந்தன.

பேராசிரியர் படங்களை வரிசையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"காயத்தை ஆத்தச் சொன்னா வளர்த்து விட்டிருக்கியேம்மா."

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை..."

"இதைத் தடவினா கொசுக்கடிகூடப் புண்ணாயிடும். கொட்டிட்டு வேற வேலையைப் பாரு."

மூன்று வருடமாகச் சொட்டுச் சொட்டாய்ப் பிரித்தெடுத்த மருந்து. மிச்சமிருந்த கடைசிக் குப்பியையும் தொட்டியில் கவிழ்த்தாள். குழாய் அதை ஒரே மிடறில் விழுங்கியது. அவள் தொட்டி விளிம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

அக்கா வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அழாதேம்மா. என் பங்குக்கு நானும் ஒரு குறையும் வைக்கல. அந்த மருந்துத் தட்டுல கோடு ராத்திரியோட ராத்திரியா மூடிப் போயிடும். தினம் நீ வர்றதுக்குள்ள நான்தானே புதுசா கீறி வச்சேன்."