முதலாளிக்கு நான் சொன்ன உவமைகள்

இருபத்திரண்டு வயதில் தமிழ் வாத்தியாராகிறவனுக்குத் தன்னைத் தவிர எல்லோரும் பாமரர்கள்தான். 1950களின் நடுவில் நானும் அந்த நினைப்போடுதான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போடிநாயக்கனூரில் வந்து இறங்கினேன். (டிரங்குப் பெட்டியில் வேட்டிகளைவிட அணியிலக்கணக் குறிப்புகள் அதிகம்.)

பள்ளிக்கூடத்தை நடத்தியவர் ஏலக்காய் வியாபாரி. ஊருக்கே அவர் முதலாளி. எனக்கு ஒரு வருஷம் தற்காலிக வேலை. அவருக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் பஸ் ஏற வேண்டியதுதான். அப்பாவோ மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். திரும்பிப் போனால் இரண்டு பேருக்கும் மானம் போய்விடும்.

வருஷக் கடைசியில் முதலாளி என் பாடத்தைக் கேட்க வந்து பின்னால் உட்கார்ந்தார். அன்றைய பாடம் உவமை. எட்டாம் வகுப்பில் பாதிக்கு மேல் ஏலக்காய் வாங்கி விற்கும் வீட்டுப் பிள்ளைகள். நிலாவையும் தாமரையையும் சொன்னால் கொட்டாவி விடுவார்கள் என்பதால், கண்ணெதிரே இருப்பதை வைத்தே நடத்தலாம் என்று எனக்கு ஒரு யோசனை. (அன்றைக்குக் காய்ச்சல் வந்து படுத்திருக்கலாம்.)

“நம் முதலாளி ஐயாவுக்கு ஓர் உவமை சொல்லுங்கள் பார்ப்போம்.”

பேச்சியம்மாள் எழுந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். “வெயில்ல கெடந்து வெளுத்துப்போன காயி மாதிரி இருக்காக சார்.”

அவசரமாக அடுத்த பெஞ்சைக் காட்டினேன். கருப்பையா எழுந்தான். “தோலு மட்டும் பெருசு சார். உள்ள அரிசி பத்தாத காயி மாதிரி.” (ஏலக்காய்க்குள் இருக்கும் விதையைத்தான் அங்கே அரிசி என்பார்கள்.)

முதலாளி சிரிக்கிறாரா, பல்லைக் கடிக்கிறாரா என்று தெரியவில்லை. இனி பிள்ளைகளை நம்பிப் பயனில்லை என்று நானே களத்தில் இறங்கினேன். “ஐயா மலை போல் உறுதியானவர், மழை போல் கொடுப்பவர், இந்தப் பள்ளியோ கோயில் போன்றது” என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். ஒவ்வொரு உவமைக்கும் அவர் முகம் ஒரு சுற்று கறுத்தது. மணியடிக்குமுன் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் கடைக்கு வரச்சொன்னார். போனேன். ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

“எந்தப் பள்ளிக்கூடத்துல சேரப் போறீக, தம்பி?”

“எங்கேயும் இல்லீங்களே, ஐயா.”

“பெறகு எதுக்கு என்னைய அம்புட்டுப் புகழ்ந்தீக? காயி வாங்க வந்தவன் நொட்டை சொல்லுவான். நல்ல காயின்னு புகழுறவன் அடுத்த கடைக்குக் கெளம்பிட்டான்னு அர்த்தம். பிள்ளைக எம்புட்டு ஆசையா நொட்டை சொல்லுச்சுக, பாத்தீகள்ல? நீங்க போயிருவீகன்னு வேற வாத்தியாருக்குக் காயிதம் எழுதிக்கிட்டிருக்கேன்.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது: உடனே ஏதாவது குறை சொல்லியாக வேண்டும்.

“வகுப்புல கூரை ஒழுகுதுங்க” என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை நிறுத்தினார். “கரும்பலகை வெளுத்துக் கிடக்குது. பெஞ்சு ஆடுது.” அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பயத்தில் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. “உங்களுக்குத் தமிழைப் பத்தி ஒண்ணுமே தெரியலீங்க, ஐயா.”

முதலாளி கடிதத்தை நாலாகக் கிழித்தார். “இப்பத்தேன் நீங்க இருப்பீகன்னு நம்பிக்கை வருது. வெரசாப் போயி அந்தக் கூரைய அளந்துட்டு வாங்க.”

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பெண் கட்டியதும் அதே ஊரில், ஓர் ஏலக்காய் வீட்டில்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள், “குழம்பு அமிர்தம் போல் இருக்கிறது” என்று சொல்லித்தொலைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இப்போது நான் சாப்பாட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், பேரப்பிள்ளைகள் என் செருப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள்.