அப்பீல் நானாவின் கழுத்துப்பட்டி

கற்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரை வீடு வீடாகத் தேடினாலும், எந்த முடிவையும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் அப்பீல் நானாதான்.

புத்தளத்தில் ஓர் உப்புக் கம்பனியில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை பார்த்தோம். தேநீர் வந்தால் ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். அதே தேநீர் அப்படியே திரும்பி வந்தால், "ஆ, இப்ப சரி" என்பார். பெருநாள் பிறை கண்டதாக அறிவித்தால், "கண்டவரு கண்ணாடி போட்டிருந்தாரா?" என்று கேட்பார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று டாக்டர் சொன்னதை எதிர்த்து வேறொரு டாக்டரிடம் போனார். அவரும் அதையே சொன்னதும், இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களா என்று விசாரித்தார். எங்களுக்கெல்லாம் அவர் நானா, அதாவது அண்ணன்; அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிப்பட்டவர்மேல் எனக்குப் பொறாமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரே காரில் அடிபட்ட பிறகுதான் வந்தது.

ஆலங்குடாவில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடிந்து வெளியே வந்தால் பஸ் இல்லை. நானா போனை எடுத்து, வாடகைக் கார் அப்பில் ஒரு கார் பிடித்தார். ஓட்டி வந்தவன் அந்தோனி, கற்பிட்டிப் பக்கத்து மீனவக் குடும்பத்து ஆள். கடல் சரிவராமல் லீசிங்கில் கார் எடுத்து ஓடுகிறவன். பாலாவிக்குக் கிட்டே கழுதைக் கூட்டமொன்று வழமைபோல நடு ரோட்டில் நின்றது. அந்தோனி பிரேக் பிடித்தான். கழுதைகள் தப்பின. பின்னால் வந்த மீன் லொறி நிற்கவில்லை.

நெற்றியில் இரத்தம் வழிய வழிய, எங்கள் இருவரையும் வெளியே இழுத்து எடுத்தவன் அந்தோனிதான்.

நானாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. எனக்கு விலா எலும்பில் வெடிப்பு. காயத்தில் பெரியது என்னுடையதுதான் என்று எக்ஸ்ரேயே சொன்னது. ஆனால் ஆஸ்பத்திரியில் நானாவின் கழுத்தில் வெள்ளைப் பட்டி ஒன்றைப் போட்டார்கள். எனக்கு ஒன்றும் போடவில்லை.

"எனக்கும் ஏதாச்சும் கட்டி விட ஏலாதா டொக்டர்?"

"விலாவுக்குக் கட்டுறதில்ல. நல்லா மூச்ச இழுத்து விடுங்க, போதும்."

மூச்சு விடுவதை யார் வந்து பார்ப்பார்கள்? ஊரே திரண்டு நானாவைப் பார்க்கப் போனது. தோடம்பழம் போனது, வட்டிலப்பம் போனது. பள்ளிவாசலில் அவருக்காகத் துஆ கேட்டார்கள். என் வீட்டுக்கு வந்தவர்களும் என்னிடம், "நானாக்கு எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இருமவும் முடியாமல், தும்மவும் முடியாமல் நான் கட்டிலில் கிடக்க, அடுப்படியில் கோழிச் சூப் வாசம் வந்தது. ஆசையோடு எழுந்து உட்கார்ந்தேன்.

"அது நானாக்கு" என்றாள் மனைவி. "பாவம், கழுத்தத் திருப்பவும் ஏலாம இரிக்கார். நீங்க நல்லாத்தானே இரிக்கீங்க?"

அந்தக் கழுத்துப்பட்டிமேல் எனக்கிருந்த ஆசையை என்னவென்று சொல்ல!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே நானாவின் போன், 'உங்கள் பயணம் எப்படி இருந்தது?' என்று கேட்டிருக்கிறது. அவர் அந்தோனிக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழேயே, அடிபட்டவர்களின் செலவுக்கு யார் பொறுப்பு என்று கம்பனிமேல் தன் முதல் முறைப்பாட்டையும் எழுதிவிட்டார். அப் கம்பனி, 'நாங்கள் பயணியையும் சாரதியையும் சேர்த்துவைப்பவர்கள் மட்டுமே' என்றது. "கல்யாணத் தரகர்கூட மாப்பிள்ளைக்கு அடிபட்டா வந்து பாப்பாரு" என்று இவர் பதில் போட்டார். அதுவரை பதில் அனுப்பிய இயந்திரம் போய், கடைசியில் ஒரு மனிதப் பிள்ளை பேசியது. பயணிகளுக்கென்று அவர்களிடம் ஒரு காப்புறுதி இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. எங்கள் இருவரின் மருந்துச் செலவும் அதில் போனது. அந்தப் பிள்ளை அவரை 'அங்கிள்' என்று அழைத்துச் சுகம் விசாரிக்கும். என்னை 'மற்றப் பயணி' என்று சொல்லும்.

நாங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு, லொறியின் காப்புறுதிக் கம்பனி ஆள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "கார் சடாரென்டு பிரேக் அடிச்சிருக்கு. பாதிப் பிழை அந்தப் பக்கம். இதில் சைன் வெச்சா இன்டைக்கே முடிச்சிரலாம்" என்று சொற்பத் தொகையொன்றைக் காட்டினார். நான் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன்.

நானா முழு உடம்போடும் என் பக்கம் திரும்பினார். கழுத்து மட்டும் திரும்பாதே. பேனாவைப் பிடுங்கினார்.

"இது மொத முடிவு தம்பி. இத ஏத்துக்கிட்டா பொறகு ஒன்டுமே கேக்க ஏலாது." வந்தவரிடம், "அப்ப கழுதய அடிச்சிப் போட்டு வரணுமா சேர்? பின்னால வாறவன் எடவெளி உட்டு வரணுமா இல்லியா?" என்றார்.

வந்தவர் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்.

சட்டத்தரணியிடம் போனோம். அவர் நல்ல மனிதர். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடலாம், ஆனால் வருடக்கணக்கில் இழுபடும் என்றார். "போடுறதென்டா அந்தோனியையும் எதிராளியாப் போடுங்க. அவன்ட காப்புறுதி சொந்தப் பாவனைக்கு எடுத்தது. வாடகைக்கு ஓடினதால அவங்க கைய விரிச்சிட்டாங்க. பிழையில் ஒரு பங்கு அவன்ட தலையில விழுந்தாலும் விழும்."

"விழுந்தா?"

"காரும் போகும், கடனும் நிக்கும்."

நானா எழுந்துவிட்டார். "எங்கள இழுத்து எடுத்தவன நான் கோட்டுக்கு இழுக்கவா? வேற வழி சொல்லுங்க."

வேறு வழி கொழும்பில் இருந்தது. காப்புறுதித் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரி ஒருவரிடம் முறையிடலாம். நானா முறையிட்டார். விசாரணை நாளில் நாங்கள் இருவரும் அந்தோனியும் போனோம். நெற்றித் தழும்போடு அந்தோனி வாசலிலேயே நின்றான். கம்பனி ஆள் மறுபடியும் பிரேக் கதையைத் தொடங்கினார். நானா தமிழும் சிங்களமும் கலந்து கழுதைகளுக்காகவும் அந்தோனிக்காகவும் வாதாடியதில், எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சரி, உங்கட கழுத்து எப்பிடி?" என்று கேட்டார் அதிகாரி.

நானா பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்ட கழுத்த உடுங்க சேர். அது போன கிழமையே சொகம். இவரப் பாருங்க. வெளிய ஒன்டும் தெரியாது. ஆனா மனுசன் சிரிக்கிறதில்ல, சரிஞ்சி படுக்கிறதில்ல. பேனா கீழ உழுந்தாக் குனிஞ்சி எடுக்க ஏலாம, நான் பாக்கல்லன்டு நெனச்சிக் கால் வெரலால கவ்வி எடுக்கார். தம்பி, ஒருக்கா இருமுங்க."

இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிகாரி எழுந்து வந்து தண்ணீர் தந்தார். வலியால் வந்த கண்ணீர் என்று அவர் நினைத்திருப்பார்.

பிழை முழுவதும் லொறியின் பக்கம் என்று முடிவானது. எனக்கு நியாயமான தொகை கிடைத்தது, நானாவுக்கும் கிடைத்தது. அந்தோனியின் கார் திருத்தப்பட்டு மறுபடி ரோட்டில் ஓடுகிறது. ஆனாலும் அன்று அதிகாரி வாசல்வரை வந்து கைகொடுத்து அனுப்பியது யாரை? அப்பீல் நானாவைத்தான். அதிலும் எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

அந்தோனிக்குக் கொழும்பில் வேறு அலுவல் இருந்தது. நாங்கள் இருவரும் புத்தளம் பஸ்ஸில் ஏறினோம். நீர்கொழும்பு தாண்டியதும் நானா தூங்கிப்போய், அப்படியே என் மேல் சரிந்தார். அவருடைய முழங்கை சரியாக என் விலாவில் வந்து குத்தியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போனது. சிலாபத்தில் எழுப்பலாம் என்று நினைத்தேன், முந்தலில் எழுப்பலாம் என்று நினைத்தேன். புத்தளம் வந்து பஸ் நின்ற பிறகும், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.